எழுபத்தெட்டு வயசுல ஹீரோயின்!

அரியர், அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க்... எல்லாத்தையும் ஒரு பத்து நிமிஷம் ஓரமா வையுங்க. ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. பயப்படாதீங்க, மார்க் கிடையாது.

கடைசியா பார்த்த படத்தை நினைச்சுக்கோங்க. ஹீரோ பேரு? டக்குனு சொல்லிடுவீங்க. ஹீரோயின் பேரு? அதைவிட வேகமா சொல்லிடுவீங்க! சரி, ஹீரோ குடியிருக்கிற வீட்டோட ஓனரம்மாவா ரெண்டே சீன்ல வந்து, வாடகை கேட்டு முறைச்சுட்டுப் போனாங்களே... அவங்க பேரு?

மாட்டினீங்களா!

கவலைப்படாதீங்க, நானும் ஃபெயில்தான். நம்ம எல்லாருக்குமே அந்த முகம் ஞாபகம் இருக்கும், பேரு ஞாபகம் இருக்காது. தமிழ்ல இவங்களுக்கு ஒரு அழகான பேரு இருக்கு: குணச்சித்திர நடிகை. கதையைத் தூக்கிச் சுமக்கிறது அவங்க வேலை இல்லை. கதைக்குள்ள ஒரு மனுஷி நிஜமாவே வாழ்ற மாதிரி நம்மளை நம்ப வைக்கிறதுதான் வேலை. அதுக்குக் கிடைக்கிறதோ ரெண்டு சீன், நாலு வசனம்.

இந்த வாரம் நம்ம 'கடைசி பெஞ்ச்' பகுதிக்கு வர்றவங்க அப்படிப்பட்ட ஒருத்தங்கதான். ஊர் இங்கிலாந்து. பேரு ஜோன் ஹிக்ஸன். இருபது வயசுல நடிக்க ஆரம்பிச்சு, எழுபத்தெட்டு வயசுல முதல் தடவையா ஒரு டி.வி. தொடருக்கே நாயகி ஆனவங்க. "ஓ, 'பொறுத்தார் பூமி ஆள்வார்' கதையா பாஸ்?"னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். மேட்டர் வேற!

வேலைக்காரியும் ஒரு கடிதமும்

ஜோன் ஹிக்ஸன் பிறந்தது 1906-ல, இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் பக்கம். நடிப்பு படிச்சது லண்டன்ல இருக்கிற 'ராடா'வில். நமக்கு ஐ.ஐ.டி. எப்படியோ, அங்கே நடிக்க ஆசைப்படுறவங்களுக்கு ராடா அப்படி. 1927-ல முதல் முறையா மேடை ஏறினாங்க. 1934-ல சினிமா. 1932-ல எரிக் பட்லர் என்கிற டாக்டரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு பிள்ளைகள்.

இத்தனை நல்ல இடத்துல படிச்சவங்களுக்குக் கிடைச்ச வேடங்களைக் கேளுங்க. 1937-ல 'லவ் ஃப்ரம் எ ஸ்ட்ரேஞ்சர்'னு ஒரு த்ரில்லர் படம். அகதா கிறிஸ்டி எழுதின சிறுகதையிலிருந்து உருவான படம். அதில் ஹிக்ஸனுக்கு எம்மின்னு ஒரு வேடம். யார் இந்த எம்மி? வீட்டு வேலைக்காரி. அவ்வளவுதான்!

இங்கே அகதா கிறிஸ்டி பத்தி ரெண்டு வரி. துப்பறியும் கதைகளின் மகாராணி. அவங்க உருவாக்கின ரெண்டு துப்பறிவாளர்கள் உலகம் முழுக்க ஃபேமஸ். ஒருத்தர் முறுக்கு மீசை ஹெர்குல் பாய்ரோ. இன்னொருத்தர் மிஸ் மார்ப்பிள். இந்த மார்ப்பிள் ஒரு கிராமத்துல தனியா வாழ்ற வயசான அம்மா. கல்யாணம் ஆகாதவங்க. கையில எப்பவும் ஸ்வெட்டர் பின்னுற ஊசியும் நூலும் இருக்கும். துப்பாக்கி கிடையாது, கார் துரத்தல் கிடையாது. ஊர்க்கதை கேட்டுக்கிட்டே கொலைகாரனைக் கண்டுபிடிச்சிடுவாங்க!

ஒரு குட்டி ஆச்சர்யம். மிஸ் மார்ப்பிள் முதன்முதலா ஒரு சிறுகதையில அச்சேறினது 1927 டிசம்பர்ல. ஹிக்ஸன் மேடை ஏறின அதே வருஷம். ரெண்டு பேரும் ஒரே 'பேட்ச்'!

1945-ல லண்டன் பிக்கடிலி தியேட்டர்ல 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்' நாடகம். கிறிஸ்டி தன்னோட நாவலைத் தானே நாடகமாக்கி எழுதினது. அதில் மிஸ் ப்ரைஸ் என்கிற பாத்திரத்துல ஹிக்ஸன். அப்போ அவங்களுக்கு வயசு முப்பத்தெட்டு. அந்த நடிப்பைப் பார்த்த கிறிஸ்டி அவங்களுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினாங்க. விஷயம் இதுதான்: என்னைக்காவது ஒருநாள் நீங்க என் அன்பான மிஸ் மார்ப்பிளா நடிப்பீங்கன்னு நம்புறேன்.

யோசிச்சுப் பாருங்க. எழுதினவங்களே, 'இந்தப் பாத்திரம் உனக்குத்தான்'னு கைப்பட எழுதித் தர்றாங்க. நமக்கு ஒரு பெரிய கம்பெனி முதலாளி அப்படி ஒரு கடிதம் கொடுத்திருந்தா என்ன பண்ணுவோம்? ஃபிரேம் போட்டு ஹாஸ்டல் சுவத்துல மாட்டி, மறுநாள் காலையிலிருந்து போன் மணிக்காகக் காத்துக்கிட்டு இருப்போம்.

அப்புறம் என்ன ஆச்சு?

ஒண்ணுமே ஆகலை!

வீட்டு ஓனர், நர்ஸ், சமையல்காரம்மா...

ஹிக்ஸன் பாட்டுக்கு வேலைக்குப் போனாங்க. 1950-ல 'செவன் டேஸ் டு நூன்' படம். லண்டனையே குண்டு வெச்சுத் தகர்ப்பேன்னு மிரட்டுற ஒரு விஞ்ஞானி ஒளிஞ்சு திரியறார். அவருக்கு வாடகைக்கு அறை கொடுக்கிற அம்மாதான் ஹிக்ஸன். நான் முதல்ல கேட்டேனே, அதே வீட்டு ஓனரம்மா வேடம்! வீடு முழுக்கப் பூனைகள் வேற.

1959-ல 'கேரி ஆன் நர்ஸ்'. இங்கிலாந்துல அந்தக் காலத்துல சக்கைப்போடு போட்ட 'கேரி ஆன்' காமெடி வரிசையில் ஒண்ணு. ஆஸ்பத்திரி வார்டுல இருக்கிற கண்டிப்பான சிஸ்டர் வேடம். 1963-லிருந்து 1966 வரைக்கும் 'அவர் மேன் அட் செயின்ட் மார்க்ஸ்'னு ஒரு டி.வி. காமெடி தொடர். பாதிரியார்தான் ஹீரோ. பாதிரியார் வீட்டைப் பார்த்துக்கிற மிஸஸ் பீஸ்... வேற யாரு, நம்மாளுதான்!

வேலைக்காரி, வீட்டு ஓனர், நர்ஸ், சமையல்காரம்மா, யாரோ ஒருத்தரோட அம்மா, யாரோ ஒருத்தரோட அத்தை. பட்டியல் நீண்டுக்கிட்டே போகும். ஒரு படத்துலகூட போஸ்டரில் பெரிய எழுத்துல பேரு கிடையாது.

இப்போதான் கதையில ஒரு 'ட்விஸ்ட்'. இதைப் படிச்சப்போ எனக்கே கோபம் வந்துச்சு.

1961-ல மிஸ் மார்ப்பிள் சினிமாவுக்கு வந்தாங்க. படம் 'மர்டர் ஷீ செட்'. கிறிஸ்டியோட '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவலிலிருந்து எடுத்தது. இதோ கிறிஸ்டி எழுதின குறிப்பு பலிக்கப் போகுதுன்னு நினைக்கிறீங்களா? பல்பு! மார்ப்பிளா நடிச்சவங்க மார்கரெட் ரதர்ஃபோர்டுன்னு இன்னொரு பெரிய நடிகை. ஹிக்ஸனும் அதே படத்துல இருக்காங்க... மிஸஸ் கிடரா. அதாவது, கதை நடக்கிற பெரிய வீட்டுல வேலை பார்க்க வந்துட்டுப் போற அம்மா!

'நீதான் மிஸ் மார்ப்பிள்'னு கதாசிரியரே சொன்ன நடிகை, வேற ஒருத்தங்க மார்ப்பிளா நடிக்கிற படத்துல வேலைக்காரம்மாவா வந்துட்டுப் போறாங்க. நீங்களா இருந்தா ஒத்துக்குவீங்களா?

ரதர்ஃபோர்டு பத்தித் தப்பா நினைச்சிடாதீங்க. அவங்களும் சாதாரண ஆள் இல்லை. பெரிய உருவம், தாடையை ஆட்டிக்கிட்டே பேசுற ஸ்டைல், காமெடியில் பிச்சு உதறுவாங்க. நாலு படத்துல மார்ப்பிளா வந்து உலகத்தையே சிரிக்க வெச்சாங்க. நாவலில் மார்ப்பிள், லூசின்னு ஒரு கெட்டிக்காரப் பெண்ணை அந்த வீட்டுக்கு வேலைக்கு அனுப்பி வைப்பாங்க. படத்திலோ மார்ப்பிளே வேலைக்காரியா உள்ளே நுழைஞ்சு கலக்குவாங்க. கிறிஸ்டிக்கு ரதர்ஃபோர்டு மேல மரியாதை உண்டு. 1962-ல ஒரு மார்ப்பிள் நாவலையே அவங்களுக்குச் சமர்ப்பணம் பண்ணினாங்க. ஆனா, தான் எழுதின அமைதியான மார்ப்பிள் இது இல்லைன்னும் கிறிஸ்டிக்குத் தெரியும்.

மேடையில் வேற முகம்

கேமரா அவங்களைச் சமையலறையிலேயே நிறுத்தி வெச்சிருந்தாலும், மேடை அப்படி நிறுத்தலை. பிரிட்டிஷ் நடிகர்கள் நிறைய பேருக்கு ஒரு பழக்கம் உண்டு. பகல்ல டி.வி., சினிமா எதுவா இருந்தாலும் செய்வாங்க. மேடையை மட்டும் விட மாட்டாங்க.

1967-ல பீட்டர் நிக்கல்ஸ் எழுதின 'எ டே இன் த டெத் ஆஃப் ஜோ எக்' நாடகம். எழுந்து நடக்கவோ பேசவோ முடியாத ஒரு சின்னப் பெண்ணை வளர்க்கிற அப்பா அம்மாவின் கதை. அழுது தீர்க்க வேண்டிய கதையை ஜோக்குகளாலேயே சொன்ன நாடகம். அதில் அந்த அப்பாவோட அம்மா கிரேஸா வந்தாங்க ஹிக்ஸன். அன்பாவும் இருக்கணும், எரிச்சலும் வரவைக்கணும். அதே நாடகம் 1972-ல படமா வந்தப்போவும் கிரேஸ் அவங்கதான். அவங்க கணவர் டாக்டர் பட்லர் இறந்துபோனதும் அந்த 1967-லதான். அவங்க நடிக்கிறதை நிறுத்தலை.

1977-ல லண்டன் நேஷனல் தியேட்டர்ல ஆலன் ஐக்போர்னோட 'பெட்ரூம் ஃபார்ஸ்'. மேடையில மூணு படுக்கையறை பக்கத்துல பக்கத்துல இருக்கும். மூணு ஜோடிங்களோட ஒரு ராத்திரி. நாலாவது ஜோடி ஒண்ணு தங்களோட சண்டையைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வீடாப் போய், எல்லாரோட தூக்கத்தையும் கெடுக்கும். இதில் ஹிக்ஸன் வயசான மனைவி டீலியா. கல்யாண நாளுக்கு ஹோட்டலுக்குப் போயிட்டு வந்து, திருப்தி இல்லாம, படுக்கையில உட்கார்ந்து ரொட்டியில டப்பா மீனை வெச்சுச் சாப்பிடுவாங்க கணவனும் மனைவியும். இதுதான் சீன்! பஞ்ச் டயலாக் கிடையாது, கண்ணீர் கிடையாது. ஆனா அந்த ரெண்டு பேரைப் பார்த்தா, நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த கல்யாணம்னா என்னன்னு புரிஞ்சிடும்.

1979-ல அந்த நாடகம் நியூயார்க்குக்குப் போச்சு. அமெரிக்க மேடை உலகத்தோட ஆஸ்கர்னு சொல்ற 'டோனி' விருது, துணை நடிகைக்கான பிரிவுல ஹிக்ஸனுக்கு! அப்போ வயசு எழுபத்திரண்டு. கணவரா நடிச்ச மைக்கேல் காஃப்புக்கும் அதே வருஷம் துணை நடிகர் டோனி. யார் இந்த மைக்கேல் காஃப்னு யோசிக்கிறீங்களா? 1989-ல வந்த 'பேட்மேன்' படத்துல வேலைக்காரர் ஆல்ஃபிரட்! அவரும் நம்ம கடைசி பெஞ்ச் பார்ட்டிதான்.

1981-ல பி.பி.சி., டிக்கன்ஸோட 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைத் தொடரா எடுத்துச்சு. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை ஏமாத்திட்டுப் போனதால, கடிகாரங்களை எல்லாம் அந்த நிமிஷத்துலயே நிறுத்தி வெச்சுட்டு, கல்யாண உடையைக் கழட்டாமலேயே கிழவியாகிற மிஸ் ஹாவிஷம்... அது ஹிக்ஸன்தான்.

வந்துச்சு பாருங்க அந்த நாள்!

1984 டிசம்பர். கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள். 'த பாடி இன் த லைப்ரரி' கதையோட பி.பி.சி.யில மிஸ் மார்ப்பிள் தொடர் ஆரம்பம். நாயகி: ஜோன் ஹிக்ஸன். வயசு: 78. கிறிஸ்டி குறிப்பு எழுதி கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆயிடுச்சு.

ஆனா கிறிஸ்டி இல்லை. 1976-லயே இறந்துட்டாங்க. தன்னோட மார்ப்பிள் சரியான முகத்தோட வந்ததை அவங்க பார்க்கவே இல்லை.

அந்தத் தொடரைப் பார்த்தா முதல்ல நமக்குக் கொஞ்சம் ஏமாற்றமா இருக்கும். 'என்னய்யா இது, ஹீரோயின் ஒண்ணுமே பண்ண மாட்டேங்குறாங்களே!'ன்னு தோணும். ஹாம்ப்ஷயர்ல இருக்கிற நெதர் வாலப் என்கிற நிஜ கிராமம்தான் மார்ப்பிளோட ஊரா வரும். அங்கே தொப்பி, கைப்பை சகிதம் ஒரு ஒல்லியான பாட்டி நடந்து போவாங்க. அறையோட மூலையில ஒரு நாற்காலி இருக்கும். அங்கே போய் உட்கார்ந்துப்பாங்க. பின்னுவாங்க. எல்லாரும் பேசுவாங்க, இவங்க கேட்பாங்க. டேவிட் ஹோரோவிட்ச் நடிச்ச இன்ஸ்பெக்டர் ஸ்லாக்கோ இந்தப் பாட்டியைப் பார்த்தாலே கடுப்பாவார்.

அவங்க நடிப்பு எங்கே இருக்குன்னா, கண்ணுல. யாரோ ஒருத்தர் சாதாரணமா ஒரு பொய் சொல்வார். முகத்துல ஒரு மாற்றமும் இருக்காது. அந்த நீலக் கண்ணு மட்டும் ஒரு நொடி நிக்கும். திரும்ப ஊசி ஓட ஆரம்பிக்கும். நமக்குத் தெரிஞ்சிடும், 'அண்ணே, நீங்க மாட்டிக்கிட்டீங்க!'

மிஸ் மார்ப்பிளோட ரகசியமே இதுதான். அவங்க துப்பறியும் ஆயுதம் பூதக்கண்ணாடி இல்லை. யாரும் அவங்களைக் கண்டுக்கிறதில்லை என்கிறதுதான். வயசான பொம்பளை, தனி ஆள், மூலையில உட்கார்ந்திருக்காங்க. அவங்க முன்னாடி எதை வேணா பேசலாம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பேசிடறாங்க. மாட்டிக்கிறாங்க.

இப்போ ஹிக்ஸனோட பழைய பட்டியலை மறுபடியும் பாருங்க. வேலைக்காரி எம்மி. பூனை வளர்க்கிற வீட்டு ஓனர். வார்டு சிஸ்டர். மிஸஸ் பீஸ். மிஸஸ் கிடர். எல்லாருமே யாரும் கண்டுக்காத பெண்கள்! அறைக்குள்ள டீ கொண்டு வந்து வெச்சுட்டு, காதுல விழுறதை எல்லாம் கேட்டுட்டு, எதுவும் கேட்காத மாதிரி போறவங்க. ஹிக்ஸன் நாற்பது, ஐம்பது வருஷமா அந்தப் பெண்களாகத்தான் வாழ்ந்திருக்காங்க. எப்படி நின்னா நம்மளை யாரும் பார்க்க மாட்டாங்க, எப்போ தலையைக் குனியணும், எவ்வளவு மெதுவா கதவைச் சாத்தணும்... எல்லாம் அவங்க உடம்புக்கே பாடமா இருந்துச்சு.

இதைத்தான் ஆரம்பத்துல, மேட்டர் வேறன்னு சொன்னேன். அந்தச் சின்ன வேடங்கள் எல்லாம் பெரிய வேடத்துக்கான வெயிட்டிங் ரூம் இல்லை. அந்த வேடங்களாலதான் பெரிய வேடமே செஞ்சிருக்கு. 1945-லயே அவங்களை மார்ப்பிள் ஆக்கியிருந்தா, தலையில வெள்ளை டோப்பா மாட்டின முப்பத்தெட்டு வயசு நடிகையைத்தான் பார்த்திருப்போம்.

மூக்குல கிளிப் மாட்டின பொண்ணு

இதை எனக்குப் புரிய வெச்சது ஒரே ஒரு கதை. 1985-ல வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை'. ஒரு பெரிய பணக்காரர் விஷம் வெச்சுக் கொல்லப்படுறார். போலீஸ் மொத்தமும் அந்தப் பணக்காரக் குடும்பத்தையே சுத்திச் சுத்தி வருது. அந்த வீட்டுல கிளாடிஸ்னு ஒரு வேலைக்காரப் பொண்ணும் கொலையாகிறா. கழுத்தை நெரிச்சு, அதோட விடாம, துணி காயப் போடுற கிளிப்பை அவ மூக்குல மாட்டி வெச்சிருக்கான் கொலைகாரன்.

மிஸ் மார்ப்பிள் அந்த வீட்டுக்கு எதுக்கு வர்றாங்க தெரியுமா? பணக்காரருக்காக இல்லை. கிளாடிஸுக்காக! அநாதையான அந்தப் பொண்ணுக்கு வீட்டு வேலை கத்துக்கொடுத்தவங்க மார்ப்பிள்தான். ஒரு ஏழைப் பொண்ணைக் கொன்னதுமில்லாம, செத்த பிறகும் கேலி பண்ணியிருக்கானேங்கிற கோபத்துல, பேப்பர்ல செய்தியைப் பார்த்ததும் ரயில் ஏறி வர்றாங்க.

வேலைக்காரி எம்மியா நடிச்சு நாற்பத்தெட்டு வருஷம் கழிச்சு, ஒரு வேலைக்காரிக்காக நியாயம் கேட்டு வர்றாங்க ஹிக்ஸன். யாரும் திட்டம் போட்டு இப்படி அமைக்கலை. ஆனா பார்க்கும்போது சிலிர்க்குது பாஸ்!

இந்த இடத்துல என் கதையையும் சொல்லிடறேன். ஃபர்ஸ்ட் இயர்ல எங்க காலேஜ் நாடகத்துல எனக்குக் கிடைச்ச வேடம், கதவைத் திறந்துவிடுற வேலைக்காரர். ஒரே ஒரு வசனம்: "ஐயா வந்திருக்காங்க." மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். ரிகர்சலுக்கு ஒழுங்காப் போகலை. மேடையில கதவைத் திறந்தேன், வசனத்தை ஒப்பிச்சேன், வந்துட்டேன். அந்த வேலைக்காரர் யாரு, அந்த வீட்டுல எத்தனை வருஷமா இருக்கார், வந்திருக்கிற ஐயாவை அவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா... ஒண்ணுமே யோசிக்கலை. 'சின்ன ரோல்தானே'ன்னு நினைச்சேன். ஹிக்ஸனைப் பத்திப் படிச்சப்போ அந்தக் கதவு ஞாபகத்துக்கு வந்துச்சு. ரோல் சின்னதுதான், சரி. ஆனா அதை இன்னும் சின்னதாக்கினது நான்தானே?

எல்லாருக்கும் கடிதம் வருமா?

இப்போ ஒரு கேள்வி வரும். நம்ம செட்டுல கேள்வி கேட்கிறதுக்குன்னே ஒரு ஆளு இருப்பாரே, அவரு கேட்பார்: "அப்போ சின்ன வேலையை ஒழுங்கா செஞ்சா எழுபத்தெட்டு வயசுல எல்லாருக்கும் லக் அடிக்குமா?"

அடிக்காது ஃப்ரெண்ட்ஸ். பொய் சொல்ல எனக்கு மனசு வரலை. ஹிக்ஸனோட அதே மேடைகள்ல, அதே மாதிரி டீ ட்ரேயைத் தூக்கிக்கிட்டு வந்த நடிகைகள் எத்தனையோ பேர். பெரும்பாலானவங்களுக்குக் கிறிஸ்டியும் எழுதலை, பி.பி.சி.யும் கூப்பிடலை. ஹிக்ஸனுக்கே அந்த அழைப்பு வராமப் போயிருக்கலாம். எழுபத்தேழு வயசுல அவங்க ஓய்வு எடுத்திருந்தா, மிஸ் மார்ப்பிள் என்கிற பேரே இந்தக் கட்டுரையில வந்திருக்காது.

ஆனா அப்போவும் 1927-லிருந்து 57 வருஷ வேலை அப்படியே இருந்திருக்கும். டீலியா இருந்திருப்பாங்க, கிரேஸ் இருந்திருப்பாங்க, பூனை வளர்க்கிற அந்த ஓனரம்மாவும் இருந்திருப்பாங்க. டோனி விருதுகூட மார்ப்பிளுக்கு முன்னாடியே வந்துடுச்சே! பெரிய வாய்ப்பு வரலைன்னா வீணாப் போயிடற மாதிரியான வாழ்க்கையை அவங்க வாழலை. அதனாலதான் வாய்ப்பு வந்தப்போ அலட்டிக்காம இருக்க முடிஞ்சது.

கேம்பஸ் இன்டர்வியூ சீஸன்ல நம்மள்ல பாதிப் பேர், 'முதல் வேலை மட்டும் சரியா அமைஞ்சிடணும்டா, இல்லாட்டி லைஃபே போச்சு'ன்னு ராத்திரி தூக்கம் வராமப் புரள்றோம். இருபத்தொரு வயசுக்குள்ள எல்லாம் முடிவாயிடணும்னு யாரு சொன்னது? கேட்டுப் பார்த்தா யாருமே சொல்லியிருக்க மாட்டாங்க. நாமளாவே முடிவு பண்ணினதுதான்.

அதே கதை, இன்னொரு வேடம்

மார்ப்பிள் நாவல்கள் மொத்தம் 12. பன்னிரண்டையும் நடிச்சு முடிச்சாங்க ஹிக்ஸன். 1989-ல வந்த 'எ கரீபியன் மிஸ்டரி'க்காக பார்படோஸ் வரைக்கும் போய் நடிச்சாங்க. எண்பதைத் தாண்டின வயசுல, வெள்ளைக்காரங்க கடற்கரையில வெயில் காயற ஊர்ல, நம்ம பாட்டி மட்டும் பின்னுற ஊசியோட! 1987, 1988 ரெண்டு வருஷமும் 'பாஃப்டா' விருதுக்குச் சிறந்த நடிகையாப் பரிந்துரைக்கப்பட்டாங்க.

1987-ல எலிசபெத் மகாராணி கையால ஓ.பி.இ. பட்டம். இந்தப் பாத்திரம் எப்படி இருக்கும்னு நாங்க மனசுல நினைச்சிருந்தோமோ அப்படியே நடிக்கிறீங்கன்னு மகாராணி சொன்னதாகச் சொல்வாங்க. மகாராணியும் ரசிகை!

அதே 1987 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பி.பி.சி.யில ஒளிபரப்பான மார்ப்பிள் கதை எது தெரியுமா? '4.50 ஃப்ரம் பாடிங்டன்'! 1961-ல எந்தக் கதையில வேலைக்காரம்மா மிஸஸ் கிடரா வந்தாங்களோ, அதே கதை. ஓடுற ரயில்ல இருந்து பார்க்கும்போது, பக்கத்துத் தண்டவாளத்துல போற ரயில்ல ஒருத்தன் ஒரு பெண்ணைக் கழுத்தை நெரிக்கிறதைப் பார்த்துடறாங்க ஒரு அம்மா. யாரும் நம்பலை. தோழி மார்ப்பிள் மட்டும் நம்புறாங்க. இருபத்தாறு வருஷத்துல சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்துட்டாங்க ஹிக்ஸன்!

1992 டிசம்பர்ல 'த மிரர் கிராக்ட்'. கடைசி நாவல். வயசு எண்பத்தாறு. வரிசை முடிஞ்சது, மார்ப்பிளும் முடிஞ்சது. எஸ்ஸெக்ஸ்ல ஆத்தங்கரையோரமா இருக்கிற விவன்ஹோ என்கிற சின்ன ஊர்ல பல வருஷமா வாழ்ந்தவங்க, 1998 அக்டோபர்ல தொண்ணூத்திரண்டு வயசுல காலமானாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் மார்ப்பிளா நடிச்சுட்டாங்க. 2004-ல ஜெரால்டின் மெக்கீவன் வந்தாங்க, 2009-ல ஜூலியா மெக்கென்ஸி வந்தாங்க. ஆனாலும், 'நாவல்ல படிச்ச மார்ப்பிள் யாரு?'ன்னு கிறிஸ்டி ரசிகர்கள்கிட்ட கேளுங்க. நிறைய பேர் வாயிலிருந்து முதல்ல வர்ற பேரு ஹிக்ஸன்தான்.

சரி ஃப்ரெண்ட்ஸ், இந்த வாரத்துக்கு ரெண்டே ரெண்டு ஹோம்வொர்க். ஒண்ணு, எங்கேயாவது கிடைச்சா 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' பாருங்க. கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிக்கிற அவசரத்துல மூலையில இருக்கிற நாற்காலியைக் கோட்டை விட்டுடாதீங்க. ரெண்டு, அடுத்த தடவை படம் முடிஞ்சு பேரு ஓடும்போது உடனே எழுந்து ஓடாம ஒரு நிமிஷம் உட்காருங்க. அந்த வீட்டு ஓனரம்மா பேரைக் கண்டுபிடிங்க.

எனக்கு மூணாவதா ஒரு ஹோம்வொர்க் இருக்கு. இந்த வருஷம் காலேஜ் நாடகத்துல மறுபடியும் கதவைத் திறக்கிற வேடம்தான் கொடுத்திருக்காங்க. இந்தத் தடவை ரிகர்சலுக்கு முதல் ஆளாப் போறேன்!

அடுத்த வாரம், இன்னொரு கடைசி பெஞ்ச் பார்ட்டியோட சந்திப்போமா?